நேரம் மாறும் ஊருக்குக் குழந்தையோடு சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை முதல் ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரை கூட்டிக்கொண்டு நேர வித்தியாசம் உள்ள ஊருக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் கணக்கு புரியும். நடுராத்திரியில் பிள்ளை விழித்துக்கொண்டு பக்கத்தில் குதிக்கும்போது இதைப் படிக்கிறவர்கள் நேராக 11-ஆம் கேள்விக்குப் போய்விடலாம்.

1. குழந்தைக்கெல்லாம் ஜெட் லாக் வருமா? அது பெரியவங்க சமாச்சாரம் இல்லையா?

வரும். மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறு நரம்புத் திரள்தான் உடலின் தலைமைக் கடிகாரம். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், உடல் சூடு எப்போது இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் சொல்படி நடக்கிறது. விமானம் நம்மைச் சில மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அந்தக் கடிகாரமோ இன்னும் சில நாள் வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் தூக்கம் கெட்டால் பெரும்பாலும் துள்ளுவார்கள், சிரித்துக்கொண்டே இருந்து திடீரென்று அழுவார்கள், எதற்கெடுத்தாலும் அடம் பிடிப்பார்கள். "இவனுக்குத் தூக்கமே வரல, எப்படி ஓடறான் பாருங்க" என்று பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். அந்த ஓட்டம் பல சமயம் தூக்கம் தாண்டிப்போனதன் அறிகுறி.

2. எத்தனை மணி நேரம் வித்தியாசம் இருந்தா கவலைப்படணும்?

2 மணி நேரம் வரை பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஓரிரண்டு நாளில் தானே சரியாகிவிடும். 3 மணி நேரத்திலிருந்து திட்டம் தேவை. 6-க்கு மேல் போனால் முதல் மூன்று நாளைக்குச் சுற்றிப் பார்க்கும் பட்டியலையே குறைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேர் தெற்காகவோ வடக்காகவோ பத்து மணி நேரம் பறந்தாலும் கடிகாரம் அநேகமாக மாறாது. அப்படிப் போனால் வருவது வெறும் பயணக் களைப்பு. ஒரு நல்ல இரவுத் தூக்கத்தில் போய்விடும்.

3. கிழக்கே போனாதான் கஷ்டம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். பெரும்பாலானவர்களின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. அதனால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது சிரமம். மேற்கே போனால் நாள் நீள்கிறது; கிழக்கே போனால் சுருங்குகிறது.

வீட்டில் தெரியும் தொல்லையும் வேறு வேறு. மேற்கே போன பிள்ளை சாயங்காலமே கண்ணைச் சொருகும், விடியும் முன்னே எழுந்துவிடும். கிழக்கே போன பிள்ளை ராத்திரி வெகுநேரம் தூங்காது, காலையில் எழுப்பினாலும் எழாது. இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். எந்தத் திசையில் போகிறீர்கள் என்று பார்க்காமல் யாராவது சொல்லும் யோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. எத்தனை நாள்ல சரியாகும்?

தோராயமாக, கிழக்கே போனால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள். மேற்கே போனால் நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வரை நகரும். 6 மணி நேரம் கிழக்கே என்றால் 6 நாள். மேற்கே என்றால் 4 நாள். கடைசி ஒரு மணி நேரம் முழுதாகச் சரியாகாவிட்டாலும் பிள்ளை நன்றாகவே இருக்கும், அதனால் நடைமுறையில் இதற்கு ஒரு நாள் குறைவாகவே தொல்லை தெரியும்.

இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் ஒழுங்குக்கு வரவில்லை என்றால் ஜெட் லாக்கைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டும். காய்ச்சல், காது வலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றை நேர மாற்றத்தின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டிலேயே நேரத்தை மாத்திப் பழக்கணுமா?

முடிந்தால் 3, 4 நாள் முன்பிருந்து. கிழக்கே போகிறீர்கள் என்றால் நாளுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்கூட்டி எழுப்புங்கள். மேற்கே என்றால் அதே அளவு தள்ளிப் படுக்க வையுங்கள். சாப்பாடு, குளியல், பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்தே நகர வேண்டும். படுக்கும் நேரத்தை மட்டும் நகர்த்தினால் பிள்ளை இருட்டில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும். கிழக்கே போகிறவர்கள் எப்போதும் எழும் நேரத்தில் தொடங்குவது நல்லது. சீக்கிரம் எழுப்பலாம், சீக்கிரம் தூங்க வைக்க முடியாது.

பள்ளி, வேலை காரணமாக இது நடக்காது என்றால் விட்டுவிடுங்கள். இதனால் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு மணி நேர லாபம். அதைவிட முக்கியம், கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளை தூக்கக் கடன் இல்லாமல் இருப்பது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 1, 2 வயதில் நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பெட்டி கட்டும் கலவரத்தில் முதலில் பலியாவது இதுதான்.

6. ராத்திரி ஃபிளைட் நல்லதா, பகல் ஃபிளைட் நல்லதா?

இறங்கும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளூர் நேரப்படி பிற்பகலிலோ சாயங்காலத்திலோ இறங்குவது உத்தமம்; கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடந்து, சாப்பிட்டு, படுத்துவிடலாம். விடிகாலை 5 மணிக்கு இறங்கி, தங்குமிடத்தில் பிற்பகல்தான் அறை தருவார்கள் என்ற நிலைதான் மோசம். அந்த விமானம்தான் கிடைத்தது என்றால் முதல் நாளே சீக்கிரம் அறை கிடைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

7. ஃபிளைட்ல தூங்க விடணுமா, முழிச்சிருக்க வைக்கணுமா?

தூங்க விடுங்கள். விமானத்தில் ஏறியதும் கைக்கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்றி, அதன்படி பிள்ளையை விழிக்க வைக்கும் யோசனை பெரியவர்களுக்குப் பொருந்தும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் செய்தால் இறங்கும்போது இரண்டு தொல்லை இருக்கும்: நேர மாற்றம் ஒன்று, தூக்கக் கடன் ஒன்று. ஒரே விதிவிலக்கு, உள்ளூர் நேரப்படி மாலையில் இறங்கும் விமானம். அதில் கடைசி 3, 4 மணி நேரம் விழித்திருந்தால் அன்றிரவு சுலபமாகும்.

விமானம் கீழிறங்கத் தொடங்கும்போது, அதாவது தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி முன்னால், எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவதால் காது அடைத்து வலிக்கும். கைக்குழந்தைக்குப் பால், பெரிய பிள்ளைக்குத் தண்ணீரோ சப்புகிற மாதிரி ஏதாவதோ கொடுங்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்திருக்கும் என்பதால் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் வேண்டும்.

8. இறங்கின அன்னிக்கு என்ன பண்ணணும்?

அன்றைக்குச் சுற்றிப் பார்க்கும் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். சாப்பாட்டை உள்ளூர் நேரத்துக்குக் கொடுங்கள். குடலுக்கும் ஈரலுக்கும் தனித்தனித் தாளம் உண்டு, அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தே திருந்தும். படுக்கும் முன் வீட்டில் என்ன வரிசையோ (குளியல், பல் துலக்கல், கதை, விளக்கணைப்பு) அதே வரிசையை அங்கேயும் செய்யுங்கள். துவைக்காத பழைய போர்வை ஒன்றையோ தலையணை உறையையோ எடுத்துப் போனால் அறிமுகமில்லாத அறையில் வீட்டு வாசனை கிடைக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் அந்தப் போர்வையையோ உறையையோ படுக்கையில் போடாதீர்கள். தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வேறு துணி இல்லாமல் விட வேண்டும்.

பெரியவர்களும் அசந்திருக்கும் நாள் இது. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து கண்ணயர்வது ஆபத்து. இருவர் இருந்தால் முறை போட்டுத் தூங்குங்கள்.

9. வெளிச்சம் காட்டுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்போ காட்டணும், எப்போ மறைக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்தைவிட வலிமையானது எதுவும் இல்லை. ஆனால் தவறான நேரத்தில் காட்டினால் தவறான பக்கம் நகர்த்தும்.

வழக்கமாக எழும் நேரத்துக்கு 2, 3 மணி நேரம் முன்னால் உடல் சூடு மிகக் குறைவாக இருக்கும். அதை அடிமட்ட நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்தள்ளும். பிள்ளைக்குத் தூக்கம் இன்னும் தாமதமாக வரும். அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் பட்டால் முன்தள்ளும், சீக்கிரம் வரும். வீட்டில் இரவு 8-க்குத் தூங்கிக் காலை 6:30-க்கு எழும் பிள்ளைக்கு அடிமட்டம் விடிகாலை 4 என்று கொள்ளலாம்.

6 மணி நேரம் கிழக்கே போனால் அந்த 4 மணி அங்கே காலை 10 மணி. முதல் நாள் காலை 7-க்கே எழுப்பி வெயிலில் நிறுத்தினால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்தை மேற்கே தள்ளுகிறீர்கள். 9 மணிக்கு எழுப்புங்கள், 10 வரை திரையை மூடியே வைத்திருங்கள், 10-லிருந்து பகல் 1 வரை வெளியே விளையாட விடுங்கள். மறுநாள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள்: 8-க்கு எழுந்து 9-க்கு வெளியே. மூன்றாம் நாள் 7-க்கு எழுந்து 8-க்கு. முதல் நாள் இரவு 10, 11 வரை தூக்கம் வராவிட்டால் சண்டை போட வேண்டாம், விளக்கை மங்கலாக்கி அமைதியாக இருந்தால் போதும். இந்தத் திசையில் எழும் நேரத்தைப் பிடித்தால் தூங்கும் நேரம் பின்னாலேயே வரும்.

6 மணி நேரம் மேற்கே என்றால் 4 மணி அங்கே முந்தைய இரவு 10 மணி. ஆகவே பிற்பகல் 4-லிருந்து பொழுது சாயும்வரை வெளியே இருங்கள், அறைக்கு வந்தபின்பும் படுக்கும்வரை விளக்குகள் பிரகாசமாக எரியட்டும். அதிகாலை 3 மணிக்கு எழுந்துகொண்டால் அறை இருட்டாகவே இருக்கட்டும். அப்போது காட்டும் வெளிச்சம் பிள்ளையைப் பழைய நேரத்துக்கே இழுக்கும்.

வெளியே மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. மூடிய வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். அதே சமயம் மாலை வெளிச்சம் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளை அதிகம் பாதிக்கும், அவர்களின் கண்மணி பெரிது, கண் வில்லை தெளிவு. கிழக்கே போனவர்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டேப்லெட் எல்லாவற்றையும் ஒளித்துவிடுங்கள்.

10. பகல்ல அசந்து தூங்கறா. எழுப்பினா ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி அழறா. எழுப்பத்தான் வேணுமா?

எழுப்ப வேண்டும். புது ஊரில் பகல் தூக்கம் உடலுக்கு வீட்டு இரவு மாதிரி. விட்டால் 4 மணி நேரம் போகும், இரவுத் தூக்கம் மொத்தமும் அதில் கரைந்துவிடும். ஒரு வயதுக்கு மேல் ஒன்றரை மணி நேரத்தில் எழுப்புங்கள். இரவுப் படுக்கைக்கு 4 மணி நேரம் முன்னால் கடைசிப் பகல் தூக்கம் முடிந்திருக்கட்டும். ஒரு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தூக்கமும் 2 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். பகல் தூக்கத்தை விட்டுவிட்ட நாலைந்து வயதுப் பிள்ளைக்கும் முதல் இரண்டு நாள் 30, 40 நிமிடம் கொடுக்கலாம்.

அந்த அழுகை ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்புவதால் வருவது. முதலில் திரையைத் திறந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பத்து நிமிடம் கழித்துத் தூக்குங்கள். தள்ளுவண்டியில், வெளிச்சத்தில் தூங்கினால் தூக்கம் அவ்வளவு ஆழமாகப் போகாது. வண்டியைத் துணி போட்டு மூடாதீர்கள்; உள்ளே சூடு சீக்கிரம் ஏறிவிடும்.

11. ராத்திரி 2 மணிக்கு எழுந்து விளையாடலாம் வாங்கறான். என்ன செய்ய?

அவனுக்கு அது பகல், திட்டிப் பயனில்லை. அறையை விட்டு வெளியே கூட்டிப் போகாதீர்கள், பெரிய விளக்கையும் டிவியையும் போடாதீர்கள். மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். முதல் 20 நிமிடம் இருட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். தூங்கவில்லை என்றால் சத்தமில்லாத விளையாட்டுக்கு, ஸ்டிக்கர் ஒட்டுவதற்கோ மெதுவாகக் கதை சொல்வதற்கோ, ஒரு மணி நேரம் ஒதுக்கி, மறுபடி படுக்க வையுங்கள். இதற்கென்றே இரண்டு மூன்று பொருட்களைப் பெட்டியில் தனியாக வைத்துப் போவது புத்திசாலித்தனம்.

மறுநாள் காலை 9-ஆம் பதிலில் சொன்ன நேரத்துக்கே எழுப்புங்கள். "ராத்திரி பாவம் தூங்கல" என்று பகல் 12 வரை விட்டால் அடுத்த இரவும் இதே கதைதான்.

12. நடுராத்திரி பசிக்குதுன்னு அழறாளே, குடுக்கலாமா?

முதல் மூன்று இரவு கொடுங்கள். வீட்டில் அது சாப்பாட்டு நேரம் என்பதால் பசி உண்மையானது. வயிற்றுக்கு லேசானதாக, எப்போதும் சாப்பிட்டுப் பழகியதாக, கட்டில் பக்கத்திலேயே மங்கலான வெளிச்சத்தில் கொடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடாக்கிவிடாதீர்கள்; வயிறு அதையே வழக்கமாக்கிக்கொள்ளும். நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, பகல் சாப்பாட்டைக் கூட்டுங்கள். கொடுத்தபின் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

13. எங்க பாப்பாவுக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது. இதெல்லாம் பாக்கணுமா?

வேண்டாம். 3, 4 மாதம் வரை பகல், இரவு என்ற தாளம் முழுமையாக உருவாகியிருக்காது. பசித்தால் பால், தூங்கினால் தூக்கம். ஒருவிதத்தில் பயணத்துக்குச் சுலபமான வயது இதுதான். பகலில் வெளிச்சமான இடத்திலும் இரவில் இருட்டிலும் வைத்திருந்தால் போதும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்துக்கான ஹார்மோனாகிய மெலடோனின் இருக்கும், பகல் பாலில் மிகமிகக் குறைவு. தாயின் கடிகாரம் புது ஊருக்கு மாறும்வரை பாலின் தாளமும் வீட்டு நேரத்தில்தான் இருக்கும். எனவே 9-ஆம் பதிலின் கணக்கைத் தாய்க்கும் போடுங்கள். வீட்டில் பிழிந்து எடுத்துப்போன பால் இருந்தால் பகலில் எடுத்ததைப் பகலிலும் இரவில் எடுத்ததை இரவிலும் கொடுக்கலாம்.

14. டயாப்பர் விட்டு ஆறு மாசம் ஆச்சு. இங்க வந்து தினமும் படுக்கையை நனைக்கிறான். ஏன்?

இரவில் சிறுநீர் குறைவாகச் சுரப்பதும் உடல் கடிகாரத்தின் வேலைதான். உங்களுக்கு இரவு, அவன் சிறுநீரகத்துக்கு இன்னும் பகல். கண்டிக்காதீர்கள். 4, 5 நாள் இரவில் டயாப்பர் போடுங்கள், அல்லது நீர் புகாத விரிப்பு போட்டு, நீங்கள் படுக்கப் போகும்போது ஒருமுறை எழுப்பிக் கூட்டிப்போங்கள். மலம் போகும் நேரமும் இதேபோல் குழம்பும், தண்ணீரும் குறைந்திருந்தால் மலச்சிக்கலும் சேரும். பகலில் நிறையத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

15. மெலடோனின் குடுக்கலாமா? சளி மருந்து குடுத்தா தூங்கும்னு சொல்றாங்களே?

குழந்தை மருத்துவர் அளவும் நேரமும் எழுதித் தராமல் மெலடோனின் வேண்டாம். பல நாடுகளில் அது சத்துமாத்திரைபோலக் கடையில் கிடைக்கிறது, வேறு சில நாடுகளில் மருந்துச் சீட்டு வேண்டும். 2017-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் 31 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். அட்டையில் எழுதியதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. தவிர, இதுவும் வெளிச்சம்போலத்தான்: தவறான நேரத்தில் கொடுத்தால் தவறான பக்கம் தள்ளும்.

தூக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை மருந்துகளைத் தூக்கத்துக்காகக் கொடுக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, விமானம் முழுக்க ஓட வைக்கும்.

16. தினமும் ஒரு மருந்து சாப்பிடறான். எந்த ஊர் நேரத்துக்குக் குடுக்கறது?

6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளி சொன்ன மருந்துகளுக்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கடைசியாகக் கொடுத்து எத்தனை மணி நேரம் ஆனது என்று மட்டும் எண்ணுங்கள். போனில் வீட்டு நேரக் கடிகாரம் ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. போன் அலாரத்தை நம்பாதீர்கள், இறங்கியதும் அது உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். வலிப்பு மருந்து, இன்சுலின் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன் மருத்துவரிடம் மணிவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

17. மொத்தமே மூணு நாள்தான் போறோம். இவ்வளவும் செய்யணுமா?

வித்தியாசம் 3 மணி நேரத்துக்குள் என்றால் வீட்டு நேரத்திலேயே இருந்துவிடுங்கள். 3 மணி நேரம் கிழக்கே போனால் இரவு 8 மணிப் படுக்கை அங்கே இரவு 11. பிள்ளையோடு நிம்மதியாக இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் காலை 9:30-க்கு எழலாம். அறைத் திரை மட்டும் கனமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் பாதி தூரம் மட்டும் நகருங்கள்.

18. சரியா பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம். கிழக்குக் கணக்கா, மேற்குக் கணக்கா?

9, 10 மணி நேரத்தைத் தாண்டினால் எந்தத் திசையில் பறந்தாலும் மேற்குக் கணக்கு, அதாவது பின்தள்ளும் கணக்கு. 3, 4-ஆம் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரியும்: 10 மணி நேரம் முன்னால் நகர 10 நாள், 14 மணி நேரம் பின்னால் நகரவும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் உடல் முரண்டு பிடிக்காது.

12 மணி நேரத்தில் அடிமட்ட நேரம் அங்கே மாலை 4 மணி. எனவே காலையிலிருந்து பிற்பகல் 3 வரை வெளிச்சத்தில் இருங்கள். முதல் இரண்டு நாள் 4 முதல் 7 வரை வெயிலைத் தவிருங்கள். பகலும் இரவும் தலைகீழாகக் கிடக்கும் முதல் மூன்று இரவுக்கு வீட்டுப் பெரியவர்கள் ஷிப்ட் போட்டுக்கொள்வதே வழி.

19. ரெண்டு பிள்ளைங்க, ஒரே ரூம். ஒண்ணு எழுந்தா இன்னொண்ணையும் எழுப்பிடுது.

யார் லேசாகத் தூங்குகிறாரோ அவரை ஜன்னலுக்கும் கதவுக்கும் தொலைவில் படுக்க வையுங்கள். மின்விசிறிச் சத்தம்போலச் சீரான ஒலி ஒன்று நடுவில் ஓடட்டும், அதிகச் சத்தமில்லாமல், காதுக்கு அருகில் இல்லாமல். முதலில் எழுந்த பிள்ளையை, இந்த ஒரு நிலையில் மட்டும், முன்னறைக்கோ குளியலறைப் பக்கமோ கூட்டிப்போய் 11-ஆம் பதிலில் சொன்ன மற்றவற்றைச் செய்யலாம். பெரிய பிள்ளையை அரை மணி தள்ளிப் படுக்க வைத்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கிளப்பிவிடுவது குறையும்.

20. அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். எப்படித் தூங்க வைக்கறது?

அறையை இருட்டாக்குங்கள். கறுப்புக் குப்பைப் பை, சுவரைப் பிய்க்காத காகித டேப் இரண்டும் இருந்தால் எந்த ஜன்னலையும் அடைத்துவிடலாம். அலுமினியத் தாளை லேசாக நீர் தெளித்துக் கண்ணாடியில் ஒட்டினாலும் நிற்கும். பிளாஸ்டிக் பை குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், தளர்ந்து தொங்காமல் இருக்க வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுங்கள்.

21. திரும்பி வந்த மறுநாளே ஸ்கூல். சமாளிக்க முடியுமா?

மேற்கிலிருந்து கிழக்கே திரும்புகிறீர்கள் என்றால் சிரமம். பள்ளிக்கு முன் இரண்டு நாளாவது வீட்டில் கிடைக்கும்படி டிக்கெட் எடுங்கள். சுற்றுலாவின் கடைசி 2, 3 நாளில் 5-ஆம் பதிலில் சொன்னபடி எழும் நேரத்தை முன்னால் நகர்த்தத் தொடங்கலாம். ஆசிரியரிடம் ஒரு வரி சொல்லிவையுங்கள், பிற்பகலில் மேசையில் தலை சாய்த்தால் திட்டு விழாது. கிழக்கிலிருந்து மேற்கே திரும்பினால் பிள்ளை நான்கு மணிக்கே எழுந்து கிளம்பத் தயாராக இருக்கும், சாயங்காலம்தான் தள்ளாடும்.

22. வழியில வேற ஊர்ல தங்கிட்டுப் போறோம். எந்த ஊர் நேரத்துக்குப் பழக்கறது?

ஓரிரவு தங்கல் என்றால் அந்த ஊர் நேரத்தைப் பொருட்படுத்தாதீர்கள், பிள்ளை கேட்கும்போது தூங்கட்டும். 3 நாளுக்கு மேல் தங்கினால், அந்த ஊர் போகும் திசையிலேயே இருந்தால், அங்கே பழக்குங்கள். உதாரணமாக 3 மணி நேரம் மேற்கே தங்கி, பிறகு இன்னும் 4 மணி நேரம் மேற்கே போனால் முதல் 3 மணி நேரம் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அடுத்த பயணத்துக்கு அடிமட்ட நேரத்தைத் தங்கிய ஊர்க் கணக்கில் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக் கணக்கில் அல்ல. தங்கும் ஊர் எதிர்த்திசையில் இருந்தால், 17-ஆம் பதிலில் சொன்னபடி வீட்டு நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவது மேல்.